ஓசூர் மோமோ வண்டி: ‘லெலெ’ ஒரு பிளேட்

ராயக்கோட்டை ரோட்டுல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நிக்கிற மோமோ வண்டி இது. குறையை முதல்லயே சொல்லிடறேன். சிக்கன் மோமோ சுமார்தான், மாவு தடிமன், உள்ள பாதி வெங்காயம். சிவப்புச் சட்னியைத் தொட்டா மூக்குல தண்ணி வரும். ஜிபே பாதி நாள் சுத்திக்கிட்டே நிக்கும், சில்லறையோட போங்க.

பன்றிக்கறி மோமோவுக்காகத்தான் நான் போறது. ஆறு பீஸ் எண்பது ரூபா. கொழுப்பை எடுக்காம கொத்தி, இஞ்சி தூக்கலா போட்டு, மெல்லிசா மடிச்சிருக்கான். கடிச்சா சாறு மணிக்கட்டு வரைக்கும் வழியும்.

மடிக்கிற தம்பி அருணாசலப் பிரதேசம், கிழக்கு காமெங் மாவட்டம். வீட்ல என்ன பாஷைன்னு என் ஓட்டை இந்தியில கேட்டேன். ‘கோரோ’ன்னான். கொரியாவான்னு கேட்டுட்டேன், மானம் போச்சு.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். திபெத்திய-பர்மியக் குடும்பம், எழுத்து கிடையாது, பேசுறவங்க 800-லேர்ந்து 1,200 பேருக்குள்ளன்னு கணக்கு. 2008-ல ஆகா, மீஜி மொழிகளைப் பதிவு பண்ணப் போன ஆய்வாளர்கள் காதுலதான் இது தனியா விழுந்திருக்கு. 2010-ல உலகத்துக்கே சொன்னாங்க. அதுவரைக்கும் ஆகாவோட ஒரு வழக்குன்னு விட்டுட்டாங்களாம். ரெண்டு கூட்டமும் ஒரே கிராமங்கள்ல கலந்து வாழறவங்க. ஆனா பன்றிக்கு ஆகாவுல ‘வோ’, கோரோவுல ‘லெலெ’. மலைக்கு அங்க ‘ஃபூ’, இங்க ‘ங்கோ’.

மறுநாள் போய் ‘இங்கோ’ன்னேன். தம்பி தலையாட்டிட்டு, மாவுக் கையோட தொண்டையைத் தொட்டுக் காட்டி, முன்னால ‘இ’ இல்லாம சொல்லிக் காட்டினான். ஒண்ணாங்கிளாஸ் அட்டையில ங-வுக்கு ஒழுங்கா ஒரு படம்கூட கிடையாது. அதுலயே ஒரு சொல்லை ஆரம்பிச்சா என் நாக்கு எங்க போகும்?

ஊருக்கு நீ எப்படி மெசேஜ் அனுப்புவேன்னு தம்பியைக் கேட்டேன். வாய்ஸ்தானாம். எங்க வீட்ல தெலுங்கு, எனக்கு அதுல ஒரு எழுத்து தெரியாது. அம்மாவுக்கு ‘அன்னம் தின்னாவா’ன்னு தமிழ் எழுத்துலதான் வாட்ஸ்அப் போடுவேன். அதைச் சொன்னதும் ஒரு மோமோ சேர்த்து வெச்சான்.

இப்பல்லாம் ‘லெலெ ஒரு பிளேட்’னுதான் கேக்கறேன். பின்னால வரிசையில நிக்கிற சிப்காட் பசங்க புது ஐட்டம்னு நெனச்சு அதையே கேக்கறாங்க. ஏழரைக்குள்ள போயிடுங்க, பன்றிக்கறி தீந்துடும். திங்கக்கிழமை வண்டி வராது.