பஸ்பாருக்குத் தடித்த செம்பா, கூடுதல் தாங்கியா?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலைக்கு சுவிட்ச்போர்டு வரைந்தபோது வந்த கேள்வி இது. பஸ்பார் என்பது சுவிட்ச்போர்டுக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் செம்புப் பட்டை. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்னோட்டத்தால் பஸ்பார்களுக்கு இடையே எழும் விசை அதைப் போல இருமடங்கில், 100 ஹெர்ட்ஸில் துடிக்கும். ஷார்ட் சர்க்யூட் தொடங்கும் நொடியில் 50-உம் சேர்ந்துகொள்ளும். பட்டையின் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக அதிரும் வேகம், இந்த இரண்டுக்கும் பக்கத்தில் வரவே கூடாது; வந்தால் அதிர்வு பெருகிவிடும்.

எங்கள் பட்டை 10 மி.மீ. தடிமன், தாங்கிகளுக்கு இடையே 600 மி.மீ. இரு முனையும் இறுகப் பிடித்ததாகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 105 ஹெர்ட்ஸ். நேராக வம்பில் போய் நிற்கிறது.

தடிமனைக் கூட்டினால் அதிர்வெண் அதே விகிதத்தில்தான் ஏறும். 15 மி.மீ. போட்டால் 157, செம்புச் செலவோ ஒன்றரை மடங்கு. “அகலமான பட்டை போடலாமே தம்பி” என்றார் ஃபிட்டர் அண்ணன். தட்டைப் பக்கமாக அதிரும் பட்டைக்கு அகலம் எதையும் மாற்றாது.

தாங்கிகளை நெருக்கினால் கதையே வேறு. இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால் 450 மி.மீ. ஆக்கினாலே 186 வந்துவிடும். தாங்கியாக நிற்கும் ஒவ்வொரு இன்சுலேட்டரின் மேல் விழும் விசையும் குறையும். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் நிஜத் தாங்கி கொஞ்சம் நெகிழும், அதிர்வெண் கணக்கைவிடக் குறையும். பொருத்தியதும், மின்சாரம் கொடுக்கும் முன், சுத்தியலால் மெல்லத் தட்டி, அதிர்வை அளக்கும் ஆக்சலரோமீட்டரில் பார்த்துவிடுங்கள்.