சமூக மொழியியல்: நாடு நாடாகப் போய்ப் படிப்பதா, சிங்கப்பூரிலேயே படிப்பதா?

போன மாதம் தேக்கா ஈரச்சந்தையில் ஒரு பாட்டி, "முருங்கைக்காய் ரெண்டு எடுத்து வை, கண்ணா" என்றார். பேரன் எடுத்து வைத்துவிட்டு, "டன், பாட்டி. கேன் கோ ஆல்ரெடி?" என்றான். பாட்டி தமிழிலேயே அடுத்த வேலையைச் சொன்னார், அவன் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னான். இருவருக்கும் ஒரு சிக்கலும் இல்லை. என் அண்ணன் மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சமூக மொழியியலில், அதாவது மக்கள் யாரிடம் எந்த மொழியை எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்கும் படிப்பில், அவள் ஆராய நினைப்பது இதைத்தான். "எங்கே போய்ப் படிக்கட்டும், சித்தப்பா?" என்பதுதான் கேள்வி.

ஐரோப்பாவில் மைன்ஸ் (ஜெர்மனி), கவுனாஸ் (லிதுவேனியா), தார்ட்டு (எஸ்டோனியா), ஸ்டாக்ஹோம் (சுவீடன்) பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்த இரண்டாண்டு முதுகலை அவளை ரொம்பவே இழுத்தது. ஒரே ஊரில் உட்கார்ந்து முடிக்கிற படிப்பு இல்லை, நாடு மாற வேண்டும். அதன் அருமையே அதுதான். எஸ்டோனியாவில் ரஷ்ய மொழிப் பள்ளிகளை எஸ்டோனிய மொழிக்கு மாற்றும் வேலை 2024இல் தொடங்கியது. சுவீடனில் சாமி, மெயன்கியெலி உட்பட ஐந்து மொழிகளுக்குச் சட்டப்படி தேசியச் சிறுபான்மை மொழி என்ற தகுதி உண்டு. நான்கு அதிகாரத்துவ மொழிகளோடு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, மற்ற நாடுகள் இதே விஷயத்தை எப்படி வேறுவிதமாகச் செய்கின்றன என்று நேரில் பார்ப்பது பெரிய கண்திறப்பு. ஆனால் அங்கே தமிழ்க் குடும்பங்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். அடிக்கடி ஊர் மாறினால் ஒரு குடும்பத்தோடு பழகி, அவர்கள் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியை வைக்கும் அளவுக்கு நம்பிக்கை வளர்ப்பதும் கஷ்டம்.

பிரிட்டனில் பெரும்பாலும் ஓராண்டுப் படிப்புதான். யார்க், எசெக்ஸ் இரண்டும் மொழி வேறுபாட்டு ஆய்வுக்குப் பேர்போன இடங்கள். ஓர் ஒலி வயதுக்கும் வர்க்கத்துக்கும் ஏற்ப எப்படி மாறுகிறது என்று எண்ணிக்கையோடு காட்டக் கற்றுக்கொள்ள அங்கே போகலாம். ஆனால் வகுப்பு முடிந்தபின் கோடையில் எழுதும் ஆய்வேட்டில் பாட்டி பேரன் கதை அடங்காது என்பது என் எண்ணம்.

இந்தியாவை நம் பிள்ளைகள் கணக்கிலேயே எடுப்பதில்லை, அது எனக்கு வருத்தம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறை, மைசூரில் 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், ஹைதராபாத் பல்கலைக்கழகம் என்று இடங்களுக்குக் குறைவில்லை. எழுத்துத்தமிழ் ஒன்று, பேச்சுத்தமிழ் ஒன்று என்ற தமிழின் இரட்டை வழக்கைப் பற்றிப் பேச அங்கே யாருக்கும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டாம்.

சரி, சிங்கப்பூர்? நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மொழியியலோடு பன்மொழி ஆய்வும் துறையின் பெயரிலேயே இருக்கிறது. ஆய்வு வழி முதுகலை என்றால் பெரும்பகுதி ஆய்வேடுதான். களமோ வாசலிலேயே இருக்கிறது. வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3. தமிழ் என்றவர்கள் 2020இல் 2.5 விழுக்காடுதான். 2005 பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பள்ளியில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுத்தோமே, அது வீட்டுக்குள் போய்ச் சேர்ந்ததா? இதை இங்கே இருந்து கேட்டால்தான் பதில் கிடைக்கும். குறை ஒன்று உண்டு: நமக்குப் பழகிப்போனது கண்ணில் படாது. ஒரு வாக்கியத்தில் மூன்று மொழி கலந்தாலும் நாம் கவனிப்பதே இல்லை.

அதனால் நான் அவளிடம் சொன்னது இது. கொள்கைகளை ஒப்பிடப் போகிறாய் என்றால் யோசிக்காமல் ஐரோப்பா போ. அந்தப் பாட்டியும் பேரனும்தான் உன் கேள்வி என்றால் இங்கேயே இரு, நடுவில் ஒரு பருவம் சிதம்பரமோ தார்ட்டுவோ போய்வர வழி இருக்கிறதா என்று கேட்டுப் பார். எதுவானாலும் சேரும் முன்பே மேற்பார்வையாளருக்கு எழுது. தமிழ் ஒலிப்பதிவைக் கேட்டுப் புரிந்துகொள்ள அங்கே ஒருவராவது இருக்கிறாரா என்று கேள். குழந்தைகள் பேச்சைப் பதிவு செய்ய நெறிமுறை அனுமதி தேவை, அதற்கும் நாள் பிடிக்கும்.

அவள் இப்போது இரண்டு விண்ணப்பங்கள் எழுதிக்கொண்டிருக்கிறாள், ஒன்று நன்யாங்குக்கு. அப்புறம், சனிக்கிழமைகளில் தேக்காவுக்கு நோட்டுப் புத்தகத்தோடு போக ஆரம்பித்துவிட்டாள்.