அம்மா உணவகம்: ஒரு ரூபாய் இட்லியும் 325 ரூபாய்க் கூலியும்

சென்னை மாநகராட்சி 2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகங்களில், அன்று ஒரு ரூபாய்க்கு விற்ற இட்லி இன்றும் ஒரு ரூபாய்தான். பொங்கலும் சாம்பார் சாதமும் 5 ரூபாய். தயிர் சாதம் 3 ரூபாய். மாலையில் பருப்புக் கடைசலுடன் இரண்டு சப்பாத்தி 3 ரூபாய்.

இங்கே உண்பதற்குக் காலை வேளையே சிறந்தது. இட்லி சூடாகக் கிடைக்கும். சாம்பாரில் காரமும் புளிப்பும் மிதமாக இருப்பதால் முதியவர்களும் தயக்கமின்றிச் சாப்பிடலாம். பணம் கட்டி டோக்கன் பெற்று, தட்டை வாங்கிக்கொண்டு, உயரமான மேசையருகே நின்று உண்ண வேண்டும் என்பதால், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட விரும்புவோருக்கு இது வசதிப்படாது. ஆனால் சுமை தூக்குவோருக்கும், ஆட்டோ ஓட்டுநர்களுக்கும், அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்போருக்கும் இந்த உணவகம் எவ்வளவு பெரிய ஆதரவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். காலையில் ஐந்து இட்லி, மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும், மாலையில் நான்கு சப்பாத்தி என்று சாப்பிட்டாலும் ஒரு நாள் செலவு 19 ரூபாயைத் தாண்டாது. வருமானத்தை விலைவாசி விழுங்கும் காலத்தில், இந்த 19 ரூபாய் மட்டும் மாறாமல் நிற்கிறது.

இந்த உணவைச் சமைத்துப் பரிமாறும் மகளிர் சுய உதவிக் குழுவினரின் நிலைதான் என்னை வருத்துகிறது. தொடக்கத்தில் 300 ரூபாயாக இருந்த அவர்களது நாள் கூலி, 2024இல்தான் 325 ரூபாயானது. அதாவது உயர்வு 8 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. அதே காலத்தில் நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஏறத்தாழ 80 சதவீதம் ஏறியிருக்கிறது. அன்றைய 300 ரூபாயின் வாங்கும் திறன் குறையாமலிருக்க, 2024இல் அவர்களுக்குச் சுமார் 540 ரூபாய் கிடைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலிகூட 2013-14இல் 148 ரூபாயாக இருந்து 2024-25இல் 319 ரூபாயாகியிருக்கிறது. வெந்நீரும் ஆவியும் சூழ்ந்த சமையலறையில், விடியுமுன்பே வேலையைத் தொடங்கும் பெண்களின் கூலி மட்டும் ஏன் இப்படித் தேங்கியது?

இட்லியின் விலையை உயர்த்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை; அது ஏழைகளின் வயிற்றில் கைவைப்பதாகும். இந்த உணவகங்கள் மானியத்தில்தான் நடக்கின்றன என்பதால், அந்த மானியத்திலேயே கூலிக்கும் இடமிருக்க வேண்டும். அரசு ஊழியர்களின் அகவிலைப்படி விலைவாசியைப் பார்த்து ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுவதைப்போல, இவர்களது நாள் கூலியையும் விலைக் குறியீட்டெண்ணோடு இணைத்து, மாநகராட்சி தன் அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே அறிவிக்க வேண்டும்.