0டபிள்யூ-20யா, 5டபிள்யூ-30யா? மதுரை வெயிலில் எந்த ஆயிலுக்கு இன்ஜின் சத்தம் குறைவு

எங்கள் வண்டி டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல், 80 ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. மேனுவலில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 இரண்டுமே போடலாம் என்று இருக்கிறது. மூன்றாவதாக ஒன்றை ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள்: "லேசா டேப்பெட் சத்தம் கேக்குதுண்ணே, இருபது-அம்பது ஊத்திருவோம், கம்முன்னு ஆயிரும்." (டேப்பெட் என்பது வால்வைத் தள்ளும் பாகம்; இருபது-அம்பது என்றால் 20டபிள்யூ-50.) நான் 0டபிள்யூ-20லிருந்து 5டபிள்யூ-30க்கு மாறி அதிலேயே நின்றுவிட்டேன். மாறியதற்குக் காரணம் சத்தம்தான்.

'டபிள்யூ'வுக்கு முன்னால் இருக்கும் எண் குளிருக்கானது. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூவை மைனஸ் 30லும் வைத்துச் சோதிக்கிறார்கள். மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிற நம் ஊரில் இந்த இரண்டுக்கும் காலை ஸ்டார்ட்டில் என் காதுக்கு வித்தியாசமே தெரியவில்லை. கொடைக்கானலில் ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியை எடுத்தபோதும் அப்படித்தான். ஹைவேயைப் பற்றிப் பேசவே வேண்டாம். மேலூர் ரோட்டில் 80ல் போகும்போது டயர் சத்தமும் காற்றும் மற்றதையெல்லாம் விழுங்கிவிடும்.

வித்தியாசம் தெரிகிற இடம் ஒன்றே ஒன்று: நன்றாகச் சூடேறிய இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது. சித்திரை மத்தியானம், ஏசி ஓடுகிறது, கோரிப்பாளையம் சிக்னலில் வண்டி நகரவே இல்லை என்று வையுங்கள். இன்ஜின் 700, 800 ஆர்பிஎம்மில்தான் சுற்றும். ஆயில் பம்ப்பும் அதே மந்தகதிதான். ஆயிலோ 100 டிகிரிக்குப் பக்கத்தில் காய்ந்து நீர்த்துப் போயிருக்கும். பிரஷர் மிகக் குறைவாக இருப்பது இந்த நேரத்தில்தான். கேம் ஷாஃப்ட், வால்வு, டைமிங் செயின் எல்லாவற்றிலும் உலோகத்துக்கு நடுவே நிற்கிற ஆயில் படலம் மெலிந்தால், ஒவ்வொரு தட்டலும் கொஞ்சம் கூர்மையாக வெளியே வரும்.

இங்கே இரண்டாவது எண்தான் பேசும். 100 டிகிரியில் 20 கிரேடு ஆயிலின் பிசுபிசுப்பு 6.9லிருந்து 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். 30 கிரேடு 9.3லிருந்து 12.5க்குள். 150 டிகிரியில் வேகமாக அரைபடும்போது தாங்க வேண்டிய குறைந்தபட்ச அளவு 20க்கு 2.6, 30க்கு 2.9 (இது வேறு அலகு, மில்லிபாஸ்கல்-செகண்ட்). தாளில் பார்த்தால் சின்ன இடைவெளி. ஆனால் சிக்னலில் நிற்கும்போது, முன்பு 'டிக் டிக்' என்று தனியாகக் கேட்ட வால்வு சத்தம் இப்போது இன்ஜினின் பொதுவான முனகலோடு கலந்துவிடுகிறது. சத்தத்தின் அளவு பெரிதாகக் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். அதன் கூர் மழுங்கியிருக்கிறது.

இதைச் சோதிக்க வேண்டுமானால், அரை மணி நேரம் டவுனுக்குள் ஓட்டிவிட்டு, ஏதாவது ஒரு காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். சுவர்ப் பக்கக் கண்ணாடியை இறக்கி, ஏசியை அணைத்து, ரேடியேட்டர் ஃபேன் நிற்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு கேட்பதுதான் இன்ஜினின் குரல். ஆயில் மாற்றிய அன்றைக்கே கேட்டு முடிவு கட்டாதீர்கள். எந்தப் புது ஆயிலும் முதல் சில நாள் அமைதியாகத்தான் இருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும். பக்கத்துத் தெருவுக்கே ஓடுகிற வண்டி என்றால், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை இன்னும் நீர்க்க வைக்கும். 30 போட்டால் அந்த இழப்புக்கு இடம் இருக்கிறது என்பதும் நான் அந்தப் பக்கம் சாய ஒரு காரணம்.

0டபிள்யூ-20க்காகப் பேச வேண்டியது மைலேஜ். மெல்லிய ஆயிலில் உராய்வு குறைவு, மறுப்பதற்கில்லை. ஆனால் என் வண்டியில் ஏசி போடுவதாலும் டிராஃபிக்காலும் வருகிற ஏற்ற இறக்கத்துக்குள் அந்த லாபம் அமுங்கிப் போகிறது. வாரன்டி ஓடுகிற வண்டி, ஹைப்ரிட், 0டபிள்யூ-20 மட்டும் என்று மேனுவல் சொல்லும் வண்டி, இவற்றில் சத்தத்துக்காகக் கிரேடை மாற்ற வேண்டாம்.

20டபிள்யூ-50 போட்டால் சத்தம் நிஜமாகவே அடங்கும். மெக்கானிக் பொய் சொல்லவில்லை. 100 டிகிரி சூட்டில் அது 16.3 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல், ஏறக்குறைய 0டபிள்யூ-20இன் இரண்டு மடங்கு. ஆனால் இன்றைய இன்ஜினில் வால்வு டைமிங்கை மாற்றுவதும், செயினை இழுத்துப் பிடிப்பதும் ஆயில் பிரஷர்தான். அந்தப் பாகங்களில் ஆயில் போகும் துளைகள் மெல்லிய ஆயிலுக்கென்று அமைத்தவை. காலையில் கெட்டி ஆயில் மேலே ஏறுவதற்குள் செயின் ஒரு நொடி கூடுதலாகக் கடகடக்கும். டேப்பெட் இடைவெளி கூடியதால் வருகிற சத்தம் என்றால் இடைவெளியைத்தான் சரிசெய்ய வேண்டும். ஆயில் அதை மூடி மட்டும் வைக்கும்.

காலையில் மட்டும் ஓரிரு நொடி கடகடத்து அடங்கினால் கிரேடைத் தொடுவதற்கு முன் ஃபில்டரைப் பாருங்கள். நிறுத்திய வண்டியில் ஆயில் கீழே வடியாமல் பிடித்து வைக்கிற ரப்பர் வால்வு ஃபில்டருக்குள் இருக்கும். மலிவான ஃபில்டரில் அது சீக்கிரம் விறைத்துவிடும். டிப் ஸ்டிக்கையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். லெவல் குறைந்திருந்தால் எந்தக் கிரேடும் உதவாது.

டீசலை நான் ஓட்டியது கொஞ்ச காலம்தான். எரிப்பின் தட்டல் சத்தமே பெரிதாக இருப்பதால் ஆயில் மாறியது காதில் விழவில்லை. டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள பிஎஸ்6 டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் தேவை, அதனால் அங்கே மேனுவலில் எழுதியிருப்பதே முடிவு.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. விற்கிறவர் சத்தத்தை மறைக்கக் கெட்டி ஆயிலை ஊற்றி, போவதற்குள் இன்ஜினைச் சூடேற்றியும் வைத்திருக்கலாம். பானட்டில் கை வையுங்கள். சுட்டால், "நாளைக்குக் காலையில வர்றோம்ணே, ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.