பன்றிக் காவலுக்கு எஸ்.ஜி. தோட்டா: ஒரு மதிப்பீடு

பயிர்க் காவலுக்கென்று அனுமதிப்பத்திரம் பெற்று 12 போர் (குழலின் உள்ளளவைக் குறிக்கும் எண்) துவக்கு வைத்திருக்கும் வன்னி விவசாயிகள், துவக்கின் பெருமையைப் பேசுகிற அளவுக்கு அதற்குள் போடும் தோட்டாவைப் பற்றிப் பேசுவதில்லை. நெல் குடலையில் நிற்கும்போதோ கச்சான் முற்றும்போதோ பன்றிக் கூட்டம் ஒன்று ஒரே இரவில் செய்துவிட்டுப் போகும் அழிவைக் கண்டவர்கள் கையில் கிடைத்ததை வாங்கிவைப்பது இயல்புதான். 70 மில்லிமீற்றர் நீளமான, பிளாஸ்ரிக் உறை போட்ட எஸ்.ஜி. தோட்டாவை (சன்னம் எனப்படும் பெரிய ஈய உருண்டைகள் சில கொண்டது) நெடுங்கேணிப் பக்கத்து வயற்காவலில் பயன்படுத்தியும் ஏனைய வகைகளோடு ஒப்பிட்டும் பார்த்ததில் என் முடிவு இது: முப்பது மீற்றருக்குள் இதை நம்பலாம், அதற்கு அப்பால் விரல் விசைக்குப் போகக்கூடாது.

எஸ்.ஜி. சன்னம் ஒன்றின் குறுக்களவு ஏறக்குறைய 8.4 மில்லிமீற்றர், எட்டுச் சன்னங்கள் சேர்ந்தால் ஓர் அவுன்ஸ். வழமையான தோட்டா ஒன்றில் ஒன்பது சன்னங்கள் இருக்கும். ஏஏஏ என்ற சிறுசன்ன வகையில் அவுன்சுக்கு முப்பத்தைந்து சன்னங்கள் வருவதால், கூடுதலாகப் படும் என்று எண்ணி அதை விரும்புவோர் உண்டு. ஆனால் முற்றிய ஆண் பன்றியின் தோள்பட்டைமேல் குருத்தெலும்பு போல இறுகிய தடித்த தோல் படர்ந்திருக்கும். அதன்மேல் சேறும் காய்ந்திருந்தால் சிறு சன்னங்கள் உள்ளே போய்ச் சேரமாட்டா. அவுன்சுக்கு நூற்றெழுபது சன்னங்கள் கொண்ட நாலாம் நம்பர் தோட்டா பறவைக்கென்று ஆனது. அதைப் பன்றிக்கு வைப்பது அந்த உயிரைப் பல நாள் வதைப்பதாகும், மறுநாள் பற்றைக்குள் போகிறவரை ஆபத்தில் தள்ளுவதுமாகும்.

எஸ்.ஜி.யின் குறை அதன் பரம்பலில் இருக்கிறது. அகலமான சீமெந்துப் பைக் கடதாசியைப் புற்று ஒன்றின் முன்னால் கட்டி இருபது மீற்றரில் சுட்டபோது, ஒன்பது துளைகளும் சுளகு அளவான வட்டத்துக்குள் அடங்கின. முப்பதில் ஒன்றிரண்டு ஓரத்துக்கு ஒதுங்கின. நாற்பதில் நடுவே பன்றியின் நெஞ்சளவு இடம் வெறுமையாகவே கிடந்தது. குழல்வாயின் ஒடுக்கத்தைப் பொறுத்து இந்தப் பரம்பல் துவக்குக்குத் துவக்கு மாறும். இரட்டைக் குழல் துவக்குகளில் பெரும்பாலும் இடக்குழலே கூடுதலாக ஒடுங்கியிருக்கும். ஆகவே அயலவர் துவக்கில் நன்றாகப் போனது என்ற சாட்சியம் உங்கள் துவக்குக்குச் செல்லாது. அனுமதிப்பத்திரத்தில் கணக்கிட்டுக் கிடைக்கும் தோட்டாவைக் கடதாசியில் வீணாக்குவதா என்று கேட்பார்கள். அந்த ஒன்றை மிச்சம்பிடித்து, காயப்பட்ட பன்றி ஒன்றைக் காட்டுக்குள் விடுவதில் என்ன இலாபம் என்பது எனக்கு விளங்கவில்லை.

வாங்குமுன் பார்க்கவேண்டியது தோட்டாவின் நீளம். பழைய துவக்குகள் பலவற்றில் தோட்டா அமரும் அறை 65 மில்லிமீற்றர் தோட்டாவுக்கென்று வெட்டப்பட்டது; குழலின் அடிப்பக்கத்தில் அதைப் பொறித்திருப்பார்கள். 70 மில்லிமீற்றர் என்பது சுட்டு மடிப்பு விரிந்தபின் உள்ள நீளம்; வாய் மடித்த அந்தத் தோட்டா சுடுவதற்கு முன் 65 மில்லிமீற்றரிலும் குட்டையாக இருப்பதால் அந்த அறைக்குள் தடையின்றி இறங்கிவிடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமின்றிக் குழலின் ஒடுங்கும் பகுதிக்குள் நுழைந்து அமுக்கத்தை உயர்த்தும். தேய்ந்த குழல் அதைத் தாங்கும் என்று எவரும் உறுதி சொல்லமுடியாது. உள்ளே போகிறது என்பதை வைத்துப் பொருந்துகிறது என்று முடிவுகட்டுவது இதனால்தான் ஆபத்தானது.

றைபிள் இருந்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று வெளிநாட்டு உறவினர்கள் சொல்வதுண்டு. வட அமெரிக்க மலைகளில் காட்டுச் செம்மறி வேட்டையாடுவோர், 1925இல் வெளிவந்த .270 வின்செஸ்ரர் என்ற றைபிள் தோட்டாவில் 130 கிரெய்ன் எடையுள்ள குண்டை விரும்புவது காரணத்தோடுதான்: அங்கே முந்நூறு மீற்றருக்கு அப்பால், பள்ளத்தாக்குக்கு மறுகரையில் விலங்கு நிற்கும், செக்கனுக்கு ஏறக்குறைய 930 மீற்றர் வேகத்தில் புறப்படும் குண்டு அதிகம் தாழாமல் அங்கே போய்ச் சேரும், தவறினால் பின்னாலுள்ள மலை அதைத் தாங்கும். நமது நிலம் தட்டை. தவறிய றைபிள் குண்டு கிலோமீற்றர் கணக்கில் போகும், எஸ்.ஜி. சன்னமே அரைக் கிலோமீற்றரைத் தாண்டக்கூடியது. அடுத்த வயற்கொட்டிலில் இன்னொருவர் காவலிருக்கிறார் என்பதை நினைத்துப் பார்த்தால் றைபிள் பேச்சு அத்தோடு நின்றுவிடும். பரணில் இருந்து கீழ்நோக்கிச் சுடுவதே எஸ்.ஜி.க்கும் உகந்தது.

ஒற்றைக் குண்டுத் தோட்டாவையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். ஐம்பது மீற்றர் வரை அது நேராகப் போகும், தோள்பட்டைத் தடிப்பையும் துளைக்கும் என்பது உண்மை. ஆயினும் குழல் முனையிலுள்ள குறிமுள் ஒன்றை மட்டும் நம்பி, ரோச் வெளிச்சத்தில் அசையும் பன்றிக்கு ஒரே குண்டை வைக்கிற கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு அது தேவைப்படவுமில்லை.

பிளாஸ்ரிக் உறையின் அருமை மாரியில் தெரியும். பழைய கடதாசி உறைத் தோட்டா ஈரத்தில் ஊதி அறைக்குள் பாதியில் இறுகிக்கொள்ளும். இது அப்படிச் செய்வதில்லை. அடிப்பாகத்து உலோகம் மட்டும் பச்சை பிடிக்கிறது. பெட்டியோடு அடுப்படிப் பரணில் வைப்பதைத் தவிர்த்து, மூடி இறுகிய தகரப் பேணி ஒன்றில் போட்டுப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டிவைத்தால், காலபோகத்துக்கு வாங்கியது சிறுபோகத்திலும் பிழையின்றி வெடிக்கிறது.