எழுதியதும் செய்ததும்: விழுமியங்களைத் தேடிய மூன்று கொப்பிகள்

காலபோக விதைப்பு முடிந்த ஐப்பசியில் தொடங்கி, சிறுபோக நெல் வீட்டுக்கு வந்த ஆவணி வரையில், மூன்று வெவ்வேறு முறைகளில் மூன்று தனித்தனிக் கொப்பிகளில் எழுதி வந்தேன். எனக்கு உண்மையில் முக்கியமானவை, அதாவது என் விழுமியங்கள், எவை, நான் கழிக்கும் நாட்கள் அவற்றுக்குப் பொருந்துகின்றனவா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எந்த முறை தெளிவான விடையைத் தருகிறது என்று அறிவதே நோக்கம். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு கிராமத்தில், பாடசாலை வேலையையும் இரண்டு ஏக்கர் வயலையும் பார்த்துக்கொண்டு எழுதியவை இவை. ஆதலால், காலையில் ஒரு மணி நேரம் தனியே அமர வாய்ப்புள்ளவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் முறைகளை, அந்த வாய்ப்பு இல்லாத ஒருவரின் நிலையில் நின்றே ஒப்பிடுகிறேன்.

முதற் கொப்பி மனம் போனபடி எழுதுவதற்கானது. அமெரிக்க எழுத்தாளர் ஜூலியா கமரன் 1990களில் பரப்பிய முறை இது: விழித்தவுடன், கையால், மூன்று பக்கம், இடையில் நிறுத்தாமலும் திருத்தாமலும், எவருக்கும் காட்டாமலும் எழுத வேண்டும். இதன் வலிமை, நாம் தேடாததை அது வெளியே கொண்டுவருவதில் உள்ளது. கார்த்திகை மழை நாளொன்றில் வாய்க்கால் உடைப்பைப் பற்றிய முறைப்பாடாகத் தொடங்கிய ஒரு பக்கம், தம்பி வெளிநாடு போன பின்னர் அம்மாவைப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்ததைப் பற்றிய மனத்தாங்கலாக முடிந்தது. அப்படியொரு மனத்தாங்கல் எனக்குள் இருந்ததை அதுவரை நான் ஒப்புக்கொண்டதே இல்லை. ஆனால் ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் படித்தபோது, அதே மனத்தாங்கல் பதினொரு நாட்கள் ஏறத்தாழ அதே சொற்களில் எழுதப்பட்டிருந்ததைக் கண்டேன். காரணத்தைக் காட்டித் தந்த முறை, அதற்கு மேல் ஒரு வழியையும் காட்டவில்லை. மூன்று பக்கம் எழுத எனக்கு நாற்பது நிமிடம் எடுத்தது. விடியற்காலை நாலரைக்கு அடுப்பு மூட்ட வேண்டிய வீட்டில் அந்த நாற்பது நிமிடம் உறக்கத்திலிருந்தே கழிந்தது.

துயரத்தை எழுதி ஆற்றும் முறையை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1986 இல் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சான்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள்; சிலர் தம் வாழ்வின் மிகக் கொடிய அனுபவத்தை, மற்றவர்கள் சாதாரண விடயங்களை. நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த உடனே கூடுதலாக மனம் சோர்ந்திருந்தார்கள். ஆயினும் அடுத்த ஆறு மாதங்களில் சுகாதார நிலையத்துக்குக் குறைவாகவே சென்றார்கள். பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரிப் பயன் சிறியதாகவே இருந்தது. எழுதும்போது தாங்க முடியாமல் போனால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பது பென்னிபேக்கரே சொன்ன விதி. வன்னியில் இந்த விதியை முதலில் சொல்லிவிட்டுத்தான் முறையைச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2009 ஐக் கடந்து வந்தவர்களிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, உங்கள் வாழ்வின் மிகக் கொடிய நாளை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒருவருமில்லாமல் விட்டுவரக் கூடாது. விழுமியங்களைத் தெளிவுபடுத்துவதற்கு அந்தக் கதவைத் திறக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இரண்டாம் கொப்பி சொற்களுக்கானது. உளவியலாளர் வில்லியம் மில்லரும் உடன் பணியாற்றியோரும் 2001 இல் உருவாக்கிய அட்டைத் தொகுதியில் 83 விழுமியங்கள் உள்ளன; அவற்றை முக்கியமானவை, அவ்வளவு முக்கியமில்லாதவை என்று பிரித்து, இறுதியில் ஒரு சிலவற்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய கலண்டர் தாள்களை வெட்டி, எங்களுக்குப் பொருந்தும் நாற்பது சொற்களை எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில் செய்து முடித்தேன். கல்வி, குடும்பம், நேர்மை, மண், பொறுமை என்ற ஐந்தும் எஞ்சின. செலவும் நேரமும் மிகக் குறைந்த முறை இதுதான். அதைவிடப் பெரிய பயன், இலக்குக்கும் விழுமியத்துக்கும் உள்ள வேறுபாட்டை இது தெளிவாக்குகிறது. ஏக்கருக்கு முப்பது மூடை எடுப்பது இலக்கு, ஒருநாள் எட்டி முடித்துவிடலாம். நிலத்தைக் கெடுக்காமல் பயிர் செய்வது விழுமியம், அது முடிவதே இல்லை. ஸ்டீவன் ஹேய்ஸ் முதலானோர் வளர்த்தெடுத்த உளச்சிகிச்சை மரபு இந்த வேறுபாட்டின் மீதே பெருமளவு நிற்கிறது.

குறை என்னவென்றால், சொற்களைத் தெரிவு செய்யும்போது நாம் எதையும் இழப்பதில்லை. "நாலு பேர் என்ன சொல்லுவினம்" என்று கேட்டு வளர்ந்த கைகள், அந்த நாலு பேரும் மெச்சக்கூடிய சொற்களையே பொறுக்கி எடுக்கின்றன. உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992 இல் முன்வைத்த கோட்பாடு பத்து அடிப்படை விழுமியங்களை ஒரு வட்டமாக அடுக்குகிறது. பாதுகாப்பும் மரபும் ஒரு பக்கம் என்றால், தன் வழியில் போகும் விருப்பம் அவற்றுக்கு எதிர்ப்பக்கம். ஒன்றைப் பின்தொடர்ந்தால் மற்றது விலகிப்போகும் என்பதே அந்த வட்டத்தின் பொருள். மேசையில் கிடந்த ஐந்து தாள்களும் அப்படி மோதவில்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில், சம்பளம் வந்த நாளில், அவை மோதிக்கொண்டே இருந்தன.

மூன்றாம் கொப்பியை எழுதத் தூண்டியது எந்த ஆய்வும் அல்ல, பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் சுவர்க் கலண்டர். ஒவ்வொரு திகதிக் கட்டத்துக்குள்ளும் பென்சிலால் இரண்டொரு சொற்கள் இருக்கும்: விதைப்பு, முதல் யூரியா, சிவலை கன்று போட்டது, மோட்டர் பழுது. 'மகள் வந்து போனது' என்ற குறிப்பை மட்டும் சுற்றி ஒரு வட்டம். ஆண்டின் மற்றத் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். வேறு எதற்கும் அவர் வட்டம் போடவில்லை. ஏன் இன்னும் விரிவாக எழுதுவதில்லை என்று கேட்டபோது, "பிள்ளை, நினைச்சதை எழுதப்போனால் வருசம் முழுக்க எழுதலாம். நான் செய்ததைத்தான் குறிக்கிறனான்" என்றார்.

அதன் பின்னர் இரவில் நான்கு வரிகள் மட்டும் எழுதத் தொடங்கினேன்: நேரம் எங்கே போனது, காசு எங்கே போனது, யாருக்காகப் போனது, எதைத் தள்ளிப்போட்டேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. பன்னிரண்டு வாரம் கழித்து, சொற்கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்டுப் படித்தேன். கல்வியை முதலாவதாக வைத்த நான் அந்தப் பன்னிரண்டு வாரத்தில் மூன்று இரவுகள் மட்டுமே எனக்காகப் படித்திருந்தேன். செலவுக்குப் பின் மிஞ்சிய காசில் பாதிக்கு மேல் கலியாண வீடுகளுக்கும் சாமத்திய வீடுகளுக்கும் கடித உறையில் போயிருந்தது. அதே நேரத்தில், ஐந்து சொற்களில் எதிலும் அடங்காத ஒன்று பத்தொன்பது இடங்களில் இருந்தது: பிள்ளைகள் எவரும் பக்கத்தில் இல்லாத ஒரு கிழவியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனது, ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டது, படிவம் நிரப்பிக் கொடுத்தது. தள்ளிப்போட்டவற்றின் வரியில் இவை ஒருநாளும் இல்லை. இதை விழுமியம் என்று நான் பெயரிட்டதே இல்லை. என் நாட்கள் அதற்கு முன்னுரிமை கொடுத்திருந்தன. மூன்று கொப்பிகளிலும் எனக்கு உண்மையைச் சொன்னது இதுதான்.

தமிழில் நாட்குறிப்பு என்றவுடன் நினைவுக்கு வரும் ஆனந்தரங்கம் பிள்ளையும் புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை எழுதியது பெரும்பாலும் நடந்ததைத்தான்: கப்பல், சரக்கு, விலை, யார் யாரிடம் என்ன பேசினார் என்பது. அவர் எதை மதித்தார் என்பது அந்த விவரங்களுக்குள்ளிருந்தே தெரியவருகிறது. பெஞ்சமின் பிராங்கிளினின் அட்டவணை இதற்கு நெருங்கியதுபோலத் தோன்றினாலும் வேறானது. பதின்மூன்று நற்குணங்களை வாரத்துக்கு ஒன்றாகக் கவனித்து, தவறும்போதெல்லாம் ஒரு புள்ளி வைத்து, ஆண்டில் நான்கு சுற்று வருவது அவர் முறை. என்ன வேண்டும் என்று ஏற்கெனவே அறிந்தவருக்கு அது பொருந்தும். தேடுகிறவருக்கு அது தவறுகளின் கணக்காக மட்டுமே மிஞ்சும்.

வாழ்வைத் திட்டமிடுவதற்கு வரும்போது ஆண்டுத் திட்டத்தைவிடப் போகத் திட்டமே சிறந்தது என்று கண்டேன். சிறுபோகத்துக்கு முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். 36 அடி கொள்ளும் இரணைமடுவில் அப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவாகும். ஆசைக்கு ஏற்ப ஏக்கரைக் கூட்ட முடியாது. நானும் நான்கு வரிக் கொப்பியைப் பார்த்து, வாரத்தில் உண்மையாக மிஞ்சும் நேரம் ஆறு மணி நேரம் என்று கணக்கிட்டு, அதை மட்டும் பங்கிட்டேன்: இரண்டு படிப்புக்கு, மூன்று ஒழுங்கையின் வீடுகளுக்கு, ஒன்று எதற்கும் இல்லாமல். கலியாண வீட்டு உறைக்கு ஒரு உச்ச அளவு வைத்தேன். இரண்டு வீட்டார் மனம் நொந்தார்கள், அதையும் எழுதி வைத்தேன்.

ஆகவே, என்ன வருத்துகிறது என்றே தெரியாமல் இருப்பவர் முதற் கொப்பியை மூன்று வாரம் எழுதி நிறுத்துவது போதும். முக்கியமான முடிவொன்றின் முன் நிற்பவருக்கு, வெளிநாடு போவதா, காணியை விற்பதா என்பவருக்கு, சொற்களைப் பிரிப்பது உதவும்; ஆனால் அதைத் தனியே நம்பி முடிவெடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. மூன்றாம் கொப்பியின் நாள் கணக்கு, நேரமில்லாத எவருக்கும் ஏற்றது.

எங்கள் பக்கத்தில் இன்னுமொரு காரணத்துக்காகவும் அதையே தெரிவு செய்வேன். எழுதி வைத்தது பிறர் கையில் அகப்பட்டால் என்ன ஆகுமோ என்று அஞ்சி வாழ்ந்த தலைமுறையினர், ஒற்றை அறை வீட்டில், மனத்தைத் திறந்து எழுதிய கொப்பியை எங்கே ஒளிப்பார்கள்? என் முதற் கொப்பி அரிசிப் பெட்டிக்குள், துணியில் சுற்றிக் கிடந்தது. நான்கு வரிக் கொப்பி சமையலறைத் தட்டில், பால் கணக்குக் கொப்பிக்குப் பக்கத்தில், திறந்தபடியே இருக்கிறது. அம்மா சில நாட்களில் அதை எடுத்துப் படித்து, நான் மறந்ததைச் சொல்லி எழுதச் சொல்கிறார்.