வெள்ளவத்தை மிருக கிளினிக்கில் தாதியோடு அரை மணி நேரம்: போகலாம், ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒரு மிருக கிளினிக், இரண்டு புதிய சேவைகளைத் தொடங்கியிருக்கிறது. டொக்டரைப் பார்க்காமல் தாதியிடமே நேரம் பதிந்து 30 நிமிடம் இருக்கலாம். கட்டணம் டொக்டருக்குக் கட்டுவதில் பாதி. மற்றது நாய், பூனை வளர்ப்பவர்களுக்கான ஞாயிறு வகுப்பு.

எது தாதியின் வேலை, எது இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுவோம். இன்ன நோய் என்று தீர்மானிப்பதும் மருந்து எழுதுவதும் கத்தி வைப்பதும் பதிவுபெற்ற மிருக வைத்தியரின் வேலை. தாதியிடம் போக வேண்டியது நிறைப் பரிசோதனை, உண்ணி, நகம், காது, சத்திரசிகிச்சைக்குப் பிறகு தையல் பார்ப்பது, டொக்டர் ஏற்கெனவே எழுதிய மருந்தை வீட்டில் கொடுக்கப் பழகுவது போன்றவற்றுக்கு. பிரித்தானியாவில் இப்படியான தாதி கிளினிக்குகள் பல காலமாக நடக்கின்றன. பத்து நிமிடத்தில் அடுத்தவரைக் கூப்பிட வேண்டிய டொக்டரால் செய்யமுடியாத ஒன்று இதில் நடக்கிறது: உங்கள் கையைப் பிடித்துச் செய்யவைக்கிறார்கள்.

எந்தக் காரணத்துக்காகப் போனாலும் முதல் ஐந்து நிமிடம் ஒரே மாதிரித்தான். நிறை, உடல் வெப்பம், நாடி, பல் முரசு. நாய்க்கும் பூனைக்கும் 38 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை வழமையானது. முரசை விரலால் அழுத்திவிட்டால் வெளிறிய இடம் 2 செக்கனுக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். முரசு வெளிறியிருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கடுவன் பூனை முக்கியும் சிறுநீர் போகாவிட்டாலோ அந்த இடத்திலேயே டொக்டரிடம் அனுப்பிவிடுகிறார்கள். தாதிக்குக் கட்டிய காசை டொக்டரின் பில்லில் கழிக்கிறார்கள். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் இந்தச் சேவையை யாருக்கும் சொல்லமாட்டோம். சிறுநீர் அடைத்த பூனைக்கு ஒரு நாள் தாமதமே உயிராபத்து.

உண்ணி நேரம்தான் எல்லாவற்றிலும் சிறந்தது. கொழும்பின் சூட்டுக்கும் ஈரப்பதனுக்கும் உண்ணிக்கு ஓய்வுக்காலம் என்று ஒன்று கிடையாது. தாதி முதலில் பார்க்கும் இடங்கள் காதின் உள்மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப்பட்டிக்குக் கீழ், கவடு, வால் அடி. நுனி மெலிந்த இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், ஒரே சீராக நேரே மேலே இழுக்கச் சொல்லித்தருகிறார். மண்ணெண்ணெய், சூடாக்கிய ஊசி எல்லாம் வேண்டாம். உண்ணி கலவரப்பட்டுத் தன் உமிழ்நீரைக் காயத்துக்குள் இன்னும் கக்கும். எடுத்ததை விரலால் நசுக்காமல் ஸ்பிரிட் போத்தலில் போட வேண்டும்.

மருந்து போட்டும் உண்ணி போகவில்லை என்று வருபவர்களிடம் கேட்கும் கேள்விகள்தான் இந்த அரை மணியின் சாரம். ஞாயிறு காலை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டிவிட்டு அன்றைக்கே கழுத்தில் சொட்டுமருந்து விட்டீர்களா? அந்த மருந்து தோலின் எண்ணெய்ப்பசையில் பரவுவது. பெரும்பாலான சொட்டுமருந்துகளுக்கு முன்னும் பின்னும் 48 மணித்தியாலம் குளிப்பாட்டக் கூடாது. மயிரைப் பிரித்துத் தோலில் விட்டீர்களா, மயிரின் மேலே விட்டீர்களா? பெரிய நாய்க்குரிய குளிசையை வாங்கி இரண்டு சின்ன நாய்க்குப் பாதி பாதியாகக் கொடுத்தீர்களா? மருந்து இரண்டு பாதியிலும் சமமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிறகு தாதியின் பேச்சு வீட்டின் பக்கம் திரும்புகிறது. இங்கே நாய்களில் காணும் பழுப்பு உண்ணி வாழ்க்கையில் மூன்று தரம் நாயில் ஏறி இரத்தம் குடித்துவிட்டு மூன்று தரமும் இறங்கிப் போகிறது. முட்டையிடுவது மதில் வெடிப்பிலும் நாய்க்கூட்டின் பலகை இடுக்கிலும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். நாயில் தெரிவது கொஞ்சம், மிச்சம் சுவரில். அதனால் வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் ஒன்றாக, இடைவெளி விடாமல், குறைந்தது மூன்று மாதம் மருந்து போக வேண்டும். சாப்பாடு மறுத்தல், காய்ச்சல், வெளிறிய முரசு, தேத்தண்ணி நிறத்தில் சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உண்ணிக்காய்ச்சலைச் சந்தேகித்து அன்றைக்கே இரத்தம் சோதிக்கச் சொல்கிறார். சரியான அறிவுரை.

நிறை குறைக்கும் திட்டத்துக்கு நான்கு வருகையை ஒன்றாகப் பதியலாம். தராசு எண்ணை மட்டும் நம்பாமல் விலாவைத் தடவி, இடையைப் பார்த்து 1 முதல் 9 வரை புள்ளி கொடுக்கிறார்கள். 4 அல்லது 5 நல்லது. கணக்கையும் மறைப்பதில்லை. 12 கிலோ நிற்கும் நாய் 10 கிலோவாக வேண்டுமென்றால், அந்த 10 கிலோவுக்குரிய ஓய்வுநிலைச் சக்தியான (சும்மா படுத்திருந்தாலும் உடலுக்கு வேண்டிய அளவான) ஏறத்தாழ 394 கலோரிதான் ஒரு நாளின் எல்லை. வாரத்துக்கு உடல்நிறையின் 1 முதல் 2 வீதம், அதாவது 120 முதல் 240 கிராம் குறைந்தால் போதும். 2 கிலோவுக்கு இரண்டு முதல் நான்கு மாதம் எடுக்கும். வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி என்றால் கோப்பையால் அள்ளிப் போடும் வழக்கம் எவ்வளவு பிழை என்று விளங்கும். எல்லாத் திட்டத்தையும் கவிழ்ப்பது சோறும் அல்ல. அப்பா ஒரு பிஸ்கட், பின்னேரத் தேத்தண்ணியோடு அம்மம்மா ஒரு பிஸ்கட், மற்றவர் கொடுத்தது ஒருவருக்கும் தெரியாது. இதற்காகவே பிரிட்ஜில் ஒட்ட ஒரு தாள் தருகிறார்கள். கொடுப்பவர் எவரோ அவர் எழுத வேண்டும். அம்மம்மாவையும் ஒரு தரம் கூட்டி வாருங்கள் என்று தாதி கேட்பது அனுபவத்தின் பேச்சு.

முதல் குறை இங்கேதான். கிளினிக்கில் இருப்பது 100 கிராம் படியில் காட்டும் ஒரே மேடைத் தராசு. நாய்க்குப் போதும். 5 கிலோப் பூனை வாரத்துக்கு 0.5 முதல் 1 வீதம், அதாவது 25 முதல் 50 கிராம் குறைய வேண்டும். அதை இந்தத் தராசு காட்டாது. எண் அசையவில்லையே என்று வீட்டுக்காரர் சாப்பாட்டை இன்னும் வெட்டினால் ஆபத்து: கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்புப் படிந்து நோயாகிவிடும். 10 கிராம் படியுள்ள குழந்தைத் தராசு ஒன்றை வாங்கி வைக்கட்டும். அதுவரை, பூனையின் நிறைக்காக இங்கே பணம் கட்ட வேண்டாம்.

இன்சுலின் போடப் பழக்குவது மிக நன்று. மிருகங்களுக்கான இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு. பாமசியில் சாதாரணமாகக் கிடைக்கும் சிரிஞ்ச் 100 அலகு இன்சுலினுக்கு அளவு கீறியது. 40 அலகு மருந்தை அந்தச் சிரிஞ்சில் 10 கீறு வரை எடுத்தால் உள்ளே போவது 4 அலகுதான். மாறி, 100 அலகு மருந்தை 40 அலகுச் சிரிஞ்சில் 10 வரை எடுத்தால் 25 அலகு போய்விடும், நாய் விழுந்துவிடும். தாதி இரண்டு சிரிஞ்சையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, உப்புநீரைத் தோடம்பழத்தில் ஏற்றிப் பழகவைத்துப் பிறகுதான் நாயைத் தொடவிடுகிறார்.

நகம் வெட்டுவதைச் சுருக்கமாகச் சொல்லலாம். தொடர்மாடியில் டைல்ஸ் தரையிலேயே நடக்கும் பொமரேனியனுக்கு நகம் தேயாது. கறுத்த நகத்தைச் சிறிது சிறிதாகச் சீவி, வெட்டுமுகத்தின் நடுவில் கருமையான பொட்டுத் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். இரத்தம் வந்தால் கோன்பிளவரை வைத்துச் சில நிமிடம் அழுத்தினால் நிற்கும்.

இனி வகுப்பு. 12 பேருக்கு மேல் எடுப்பதில்லை. குட்டி வளர்ப்போர் வகுப்பின் முதல் நாளுக்குக் குட்டிகளைக் கொண்டுவர வேண்டாம் என்கிறார்கள்; இரண்டாம் நாள், முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளாவது கடந்த குட்டிகளுக்கு மட்டும் அனுமதி. வகுப்புக்கு முன் தரையைக் கழுவி, ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்த பிளீச் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்கிறார்கள். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் வாசனைத் தரைகழுவிக்குச் சாகாது, மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும் என்பது தெரிந்தவர்கள் செய்யும் வேலை. தடுப்பூசித் தொடர் 16 வாரம் வரை ஏன் போகிறது என்ற விளக்கமும் நன்று: தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி குட்டியில் மிச்சமிருக்கும்வரை ஊசி முழுதாகப் பிடிக்காது, அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறு. மழைவெள்ளத்தில் எலிச் சிறுநீர் கலக்கும் இந்த நகரத்தில் எலிக்காய்ச்சல் ஊசியை விடவேண்டாம் என்றும் அழுத்திச் சொல்கிறார்கள்.

முதலுதவி வகுப்பில் உள்ளடக்கம் சரி, நேரப் பங்கீடு பிழை. பூனைக்கு பனடோல் ஒன்றே ஒன்று கொடுத்தாலும் சாகலாம். பேர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி உள்ள நாய்ச் சொட்டுமருந்து பூனைக்கு நஞ்சு. நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எல்லாம் உயிர் காக்கும் செய்திகள். ஆனால் 90 நிமிடத்தில் 80 நிமிடம் திரையில் வாசிப்பு. கட்டுப் போடும் பயிற்சிக்கு ஒரே பொம்மை நாய், பத்தே நிமிடம். பாதிப் பேர் கட்டுத் துணியைத் தொடாமலே வீட்டுக்குப் போகிறார்கள்.

இரண்டாவது பெரிய குறை மொழி. சிங்கள வகுப்பு வாராவாரம், தமிழ் வகுப்பு மாதம் ஒன்று. வெள்ளவத்தையில் இது நியாயமில்லை. தாதி தமிழில் அழகாகப் பேசுகிறார், கையில் தரும் தாள்தான் கவலை தருகிறது. குடற்பூச்சி மருந்துத் தாளில் 5 மில்லிலீற்றர் தேக்கரண்டி என்று வர வேண்டிய இடத்தில் மேசைக்கரண்டி என்று அச்சாகியிருக்கிறது. மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர். குட்டிக்கு மூன்று மடங்கு மருந்து. தாள் திருத்தி வரும்வரை கரண்டியை விட்டுவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி அதனால் அளந்து கொடுங்கள்.

நேரம் பதிந்தால் தடுப்பூசி அட்டை, இப்போது கொடுக்கும் எல்லா மருந்துகளின் பெட்டி, மூடிய போத்தலில் அன்றைய மலம், உண்ணி எடுத்திருந்தால் அதுவும் கொண்டுபோங்கள். இதய நோயுள்ள நாயென்றால் முதல்நாள் இரவு அது நித்திரையாக இருக்கும்போது 30 செக்கனில் எத்தனை தரம் மூச்சு விடுகிறது என்று எண்ணி இரண்டால் பெருக்கி எழுதிக்கொள்ளுங்கள். பெருக்கி வந்த எண் 30ஐத் தாண்டினால் தாதியிடம் போக வேண்டாம், டொக்டருக்கு அழையுங்கள்.